வெந்நீரில் உருகிய சாவி

பூட்டுத் திறப்பவர் மூன்றாவது கம்பியையும் வளைத்துக் கெடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சாவித் துவாரத்துக்குள்ள எதுவோ ஒடிஞ்சு மாட்டியிருக்கு மேடம். காந்தம் வச்சுப் பார்த்தேன், அசையல. இரும்பு இல்ல. டிரில் போட்டுடவா?”

“போட்டா துவாரத்துல மாட்டியிருக்கறது தூளாயிடும்” என்றார் மேடம்.

“உள்ள என்ன புதையலா இருக்கப் போகுது?” என்றேன்.

“ரேடியோ, சத்தத்தைக் குறை.”

குறைத்துக்கொண்டேன். வாய் ஓயாத எனக்கு மேடம் வைத்த பெயர் அது. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஊசி. எரிந்துபோன கட்டடங்களைக் கிளறி, தீ எங்கே பிடித்தது என்று சொல்லும் வேலையில் பதினாறு வருடம் இருந்தவர். இப்போது தனியார் துப்பறிவாளராக மனிதர்களைக் கிளறுகிறார்.

நாங்கள் நின்றிருந்தது ஒரு பித்தளை வாத்தியப் பட்டறையின் முன்னறை. சுவர் முழுக்க டிரம்பெட்டுகள் தொங்கின. மூலையில் கம்பி வலைக் கதவு போட்ட இரும்பு அலமாரி. பூட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது தெரியும். இன்று காலை அங்கே இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பதும் அப்படித்தான் தெரிந்தது. முதலாளியம்மா ஒன்பது வருடமாகத் திருத்தித் திருத்தி எழுதிய புது டிரம்பெட்டின் அளவு நோட்டு. பதினொரு மணிக்கு அவர் பதறிப்போய்ப் பூட்டைத் திறக்கப் பார்த்தால் சாவி நுழையவில்லை. பதினொன்றரைக்குப் போலீசுக்குப் போன் செய்தார். எடுத்தவர் இன்னார் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த இன்னார், குழாய் வளைக்கிறவர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் பெயர் ‘வளைவு’. இருபத்திரண்டு வருடமாக இங்கேயே வேலை. போன மாதம் எதிர்த் தெருப் பட்டறைக்காரன் அவரைத் தன்னிடம் வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். மாட்டேன் என்று சொன்னதோடு நிற்காமல், அதை வெள்ளந்தியாக முதலாளியம்மாவிடம் வந்து அவரே சொல்லியும் வைத்திருக்கிறார். இப்போது அதுவே அவருக்கு எமன். நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார். என் கடிகாரத்தில் மணி இரண்டரை.

எங்களை இங்கே கூட்டிவந்தவள் முதலாளியம்மாவின் ஒரே மகள். வயது இருபத்தைந்து இருக்கும். பன்னிரண்டு மணிக்கு எங்கள் அலுவலகப் படியேறி வந்து, உட்காருவதற்கு முன்பே அழுதாள்.

“வளைவு மாமா எடுத்திருக்கவே மாட்டார். அம்மா காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறாங்க. நீங்கதான் அவரைக் காப்பாத்தணும்.”

என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அடுத்தவருக்காக ஒரு பெண் அப்படி அழுதால் எனக்கு மனசு தாங்காது. மேடம் மட்டும் அவள் அழுது முடிக்கும்வரை பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

இப்போது மேடம் டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அலமாரி முன் மண்டியிட்டார்.

“வந்து பாரு. என்ன தெரியுது?”

குனிந்தேன். துவாரத்துக்குள் ஓர் உடைந்த முகம் வெள்ளையாக மினுங்கியது. “கற்கண்டை உடைச்ச மாதிரி இருக்கு மேடம். பட்டை பட்டையா ஜொலிக்குது. எறும்பு வராம இருந்தா சரி.”

“கற்கண்டுதான். நல்ல வார்த்தை சொன்னே.” எழுந்து, தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் ஓடின. “அந்தக் குழாய் வாயை எது மூடி வச்சிருக்குன்னு தெரியுமா?”

“கடவுளா?”

“ஒரு துண்டு உலோகம். பாதிக்குப் பாதி பிஸ்மத், மீதி ஈயம், வெள்ளீயம் அந்த மாதிரி. பிஸ்மத் தனியா இருந்தா உருக இருநூத்து எழுபது டிகிரி வேணும். இவங்களோட கூட்டுச் சேர்ந்தா எழுபதுலயே உருகிடும். ரூம் சூடானா அது உருகி வழியும், தண்ணி கொட்டும். எரிஞ்ச கட்டடத்துல அதைத்தான் நான் முதல்ல தேடுவேன். இந்தப் பூட்டுக்குள்ள மாட்டியிருக்கறதும் அதே ஜாதிதான். உன் ஃபிளாஸ்க்கைக் குடு.”

“மேடம், அது என் தொண்டைக்கு வச்ச வெந்நீர்!”

“ரேடியோவுக்குக் கொஞ்ச நேரம் தொண்டை கட்டட்டும்.”

துவாரத்துக்குக் கீழே என் டிபன் மூடியைப் பிடிக்கச் சொன்னார். ஃபிளாஸ்க்கின் வாயைப் பூட்டில் வைத்து மெதுவாகச் சாய்த்தார். முதலில் தண்ணீர் வழிந்தது. அரை நிமிடம் ஆகியிருக்கும், தண்ணீரோடு வெள்ளிச் சொட்டு ஒன்று உருண்டு மூடியில் டிக்கென்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பூட்டுத் திறப்பவர் “அடேயப்பா!” என்று வாயைப் பிளந்தார். நானும்தான். இருபது வருடம் பூட்டோடு மல்லுக்கட்டியவருக்கே வெந்நீரில் அழும் பூட்டு புதிது.

முதலாளியம்மா கொடுத்துவிட்டிருந்த சாவியைப் போட்டதும் கதவு திறந்துகொண்டது. உள்ளே ஒன்றும் இல்லை.

“திருடன் போலிச் சாவி வார்த்திருக்கான்” என்றார் மேடம். “இந்த உலோகம் உறையும்போது பனிக்கட்டி மாதிரி கொஞ்சம் விரியும். அச்சோட மூலை முடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கும். சாவியோட ஒரு பல்லுகூடத் தப்பாது. திறந்திருக்கான், நோட்டை எடுத்திருக்கான், திரும்பப் பூட்டும்போது ஒடிஞ்சிருக்கு.”

“அசல் சாவி எப்பவும் யார்கிட்ட இருக்கும்?” என்று கேட்டேன்.

“என் கழுத்துலதான்.” முதலாளியம்மா உள்ளேயிருந்து வந்தார். ஐம்பது வயது, கைகளில் மெருகுப் பசை. “பாலிஷ் சக்கரத்துகிட்ட போகும்போது மட்டும் கழட்டி ஆணியில மாட்டுவேன். சங்கிலியோட போனா சக்கரம் கழுத்தையே இழுத்துடும். தினம் அரை மணி நேரம் அங்க தொங்கும். யார் வேணா எடுத்து அச்செடுத்திருக்கலாம். ஆனா இந்த உலோகத்தை உருக்கறது இங்க ஒரே ஒரு ஆள்தான். இப்பவாவது நம்பறீங்களா?”

அவர் பேசும்போது நாக்கு கரி பூசியது போல் இருந்தது. அவர் திரும்பியதும் மேடத்தின் காதில் சொன்னேன்: “கருநாக்கு! அவங்க சொன்னா பலிச்சிடும் மேடம், வளைவு அண்ணன் கதை முடிஞ்சுது.”

“அதுவும் பிஸ்மத்தான். வயித்து எரிச்சலுக்கு ரோஸ் கலர் மருந்து ஒண்ணு இருக்குல்ல, அதுல இருக்கு. எச்சில்ல இருக்கற கந்தகத்தோட சேர்ந்தா நாக்கு கறுத்துப் போயிடும். மருந்தை நிறுத்தினா சரியாயிடும்.” கொஞ்சம் நிறுத்தி, “காலையிலருந்து வயிறு எரியறவங்க முகம் இல்ல அது. ரொம்ப நாளா எரியுது” என்றார்.

*

வளைக்கும் அறையின் வாசலில், தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தது. மகள் அதுவரை எங்களோடு வந்து, கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

“உள்ள வாங்க” என்றேன்.

“நான் தாண்டக் கூடாது. அம்மா போட்ட கோடு. சின்ன வயசுலருந்தே.” சிரித்தாள். “எனக்கு ஆபீஸ் ரூம்தான். போன் எடுப்பேன், பார்சல் கட்டுவேன்.”

உள்ளே வளைவு வேலை செய்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் போலீஸ் வரப்போகிற மனிதர், ஒரு பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெந்நீரிலேயே கிடந்து கிடந்து விரல் நுனிகள் சுருங்கிப்போயிருந்தன. ஆவி பறக்கும் தொட்டியில் ஒரு கரண்டி, அதில் திரவ வெள்ளி போல உலோகம். ஜன்னல் விளிம்பில் யானை, வாத்து, ஆமை என்று விரல் அளவு வெள்ளி நிறப் பொம்மைகள் தூசி படிந்து நின்றன.

“ஏண்ணே, ஓடிடலாம்னு தோணலையா?” என்றேன்.

“இந்தக் குழாய்ல ஊத்தியாச்சு தம்பி. பாதியில விட்டா வீணாயிடும்.” என் முழியைப் பார்த்து விளக்கினார். “வெறும் குழாயை வளைச்சா நசுங்கிடும். உள்ள இதை ஊத்தி, கெட்டியானதும் வளைச்சு, வெந்நீர்ல போட்டா உலோகம் வழிஞ்சு வந்துடும். குழாய் உருண்டையா அப்படியே நிக்கும்.”

மேடம் முதலாளியம்மாவின் சாவியை நீட்டினார். கூடவே கைப்பையிலிருந்து ஒரு சோப்புக் கட்டி.

“இதே மாதிரி ஒரு சாவி வார்த்துக் குடுங்க.”

அவர் மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார். “என்னைத் திருடன்னு நிரூபிக்கவா?”

“செய்யுங்களேன்.”

செய்தார். சோப்பை இரண்டாகப் பிளந்து, சாவியை நடுவில் வைத்து அழுத்தி எடுத்து, அச்சில் எண்ணெய் தடவி, ஊற்றினார். எல்லாம் ஐந்து நிமிடம். இவ்வளவு லாவகமாகச் செய்கிறவரைக் காப்பாற்றவா வந்தோம்? அவரோ மேடம் ஒன்றும் சொல்லாமலே அச்சோடு தூக்கிப் பக்கத்திலிருந்த குளிர்ந்த நீர் வாளிக்குள் போட்டார்.

“எதுக்குத் தண்ணியில போட்டீங்க?” மேடத்தின் குரல் கூர்மையானது.

“போடாம எப்படி?” அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “ஊத்தினா உடனே குளிர வைக்கணும். கை தானா போயிடும்.”

மேடம் சாவியை எடுத்து இரு விரல்களால் வளைத்தார். ஈர்க்குச்சி போல வளைந்தது. ஒடியவில்லை.

“இன்னொண்ணு ஊத்துங்க. தண்ணி வேண்டாம். ஜன்னல்ல வச்சு ஆற விடுங்க.”

“அப்படி விட்டா கரடு தட்டிடும்மா. பட்டுனு ஒடிஞ்சு போயிடும்.”

“போகட்டும்.”

கால் மணி நேரம் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த மிக நீண்ட கால் மணி நேரம். பிறகு மேடம் அந்தச் சாவியை எடுத்து லேசாக முறுக்கினார். படக். உடைந்த முகத்தில் பட்டை பட்டையாகக் கற்கண்டு.

“பூட்டுக்குள்ள இருந்ததும் இதேதான் மேடம்!” என்று கத்தியேவிட்டேன். “அப்ப அதைச் செஞ்சவன் தண்ணியில போடல. வளைவு அண்ணன் இல்ல! இந்த வேலை தெரிஞ்ச எவனும் இல்ல!”

துள்ளிக் குதித்துவிட்டு அவரைப் பார்த்தேன். விடுதலையாகப்போகிற மனிதரின் முகம் மாதிரி இல்லை அது. உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தார். பார்வை ஜன்னல் பக்கம் போனது, சட்டென்று திரும்பியது.

“நான்தான் எடுத்தேன்” என்றார்.

“என்னது?”

“நோட்டை நான்தான் எடுத்தேன். போலீஸ்கிட்ட அப்படியே சொல்லிடறேன். நீங்க போங்க.”

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். “காலையிலருந்து இல்ல இல்லன்னு சொன்னவர் நீங்க. உடைஞ்ச துண்டைப் பார்த்ததும் ஆமாங்கறீங்க. இந்த உலோகத்தை ஆற விட்டுப் பழகினவங்க ஒருத்தர் இருக்காங்க, அது உங்களுக்கு இப்பத்தான் உறைச்சிருக்கு. அந்தப் பொம்மைங்க யாருக்குச் செஞ்சது?”

அவர் உடைந்த துண்டை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.

“குழாய்க்குன்னா தண்ணியில போடணும். பொம்மைக்கு வேண்டாம். மெதுவா ஆறினாத்தான் பெரிய பெரிய மணியா மின்னும், குழந்தைக்குப் பிடிக்கும். மத்தியான நேரத்துல அவங்க அம்மா சாப்பிடப் போனதும் ஒரு சின்னப் பொண்ணு அந்தக் கோட்டைத் தாண்டி ஓடி வந்திருப்பா. நீங்க பொம்மை வார்க்கக் கத்துக்குடுத்திருப்பீங்க. அவளுக்கு இந்த உலோகத்தைப் பத்தித் தெரிஞ்சது அவ்வளவுதான். ஊத்தணும், ஜன்னல்ல வைக்கணும்.”

எனக்கு அப்போதுதான் தலை கிர்ரென்றது. வாசலைப் பார்த்தேன். அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கையில் என் கைக்குட்டை.

“எங்களை ஏன் கூப்பிட்டே?” என்று கேட்டுவிட்டேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “எங்க முன்னாடி அப்படி அழுதியே!”

“அது பொய் இல்ல.” அவள் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்தாள். “மாமா பேரு வரும்னு நான் நினைக்கவே இல்ல. சாவியோட மீதித் துண்டை வெந்நீர்ல போட்டு அழிச்சுட்டேன். பூட்டுக்குள்ள இருக்கறதை யாரும் எடுக்க முடியாது, எடுத்தவங்க யாருன்னு தெரியாமயே போயிடும்னு நினைச்சேன். எதிர்த் தெருவுல எனக்கு வளைக்கற வேலையே தரேன்னாங்க. வாத்தியத்துல என் பேரைப் போடறேன்னாங்க. நோட்டு மட்டும் கொண்டு வான்னாங்க. இங்க இந்தக் கோட்டைக்கூட...”

நான் ஏமாந்தேன் என்பதைவிட, அவளுக்காகப் பரிதாபப்பட்டேன் என்பதுதான் என்னைச் சுட்டது. துரோகம் செய்தவளின் கண்ணீரை என் துணியிலேயே துடைத்து அனுப்பியிருக்கிறேன். வளைவு அவளைத் திட்டவில்லை. “ஏன் பாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

“போதும்.”

முதலாளியம்மா. எவ்வளவு நேரமாக மகளுக்குப் பின்னால் நின்றாரோ தெரியாது. நேராக உள்ளே வந்து, வளைவின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, மேஜையில் கிடந்த மற்ற துண்டையும் முழுச் சாவியையும் அள்ளி, வெந்நீர்த் தொட்டியில் போட்டார். மூன்றும் தளர்ந்து, அடியில் ஒரே குட்டையாகச் சேர்ந்துகொண்டன.

“பூட்டுக்குள்ள இருந்த துண்டு எங்க?” என்று மேடத்தைக் கேட்டார்.

“உருகிடுச்சு.”

“உருக்கினது யாரு?”

மேடம் கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமலே மூடினார். அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. “நான்தான். அவசரப்பட்டுட்டேன். என் தப்பு.”

“அப்ப உங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. கற்கண்டு, பொம்மைன்னு கதைதான் இருக்கு.”

வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. மணி மூன்றே முக்கால்தான். போலீஸ் சீக்கிரம் வந்த நாள் அது ஒன்றுதான் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். “யாரும்மா அந்த ஆளு?”

முதலாளியம்மா கையை நீட்டினார். “இவர்தான்.”

“இல்ல” என்றார் மேடம்.

“நீங்க யாரு? நிரூபிக்க ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“எனக்குத் தெரியும். காட்டறதுக்கு எதுவும் இல்ல.”

“அப்ப நகருங்க.” இன்ஸ்பெக்டர் வளைவைப் பார்த்தார். “நீ என்ன சொல்றே?”

சற்று முன்பு, தானே எடுத்ததாகச் சொன்ன மனிதர் இப்போது எதுவும் சொல்லவில்லை. முதலாளியம்மாவின் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தானாகப் பழியை ஏற்பது வேறு, உண்மை தெரிந்த பிறகும் அடுத்தவர் நம் தலையில் கட்டுவது வேறு. இன்ஸ்பெக்டர் அவர் முழங்கையைப் பிடித்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டடி நடந்தார்கள். மூன்றடி. அவள் அப்போதும் தரையைத்தான் பார்த்தாள். என் பல் நறநறத்தது.

வாசலில் அவர் அவளைக் கடந்தபோது, அவள் மேல் இடித்துவிடாமல் தோளைச் சுருக்கிக்கொண்டார்.

“விடுங்க சார்” என்றாள். “நான்தான் எடுத்தேன். நோட்டு எதிர்த் தெருவுல இருக்கு. அங்க வேலைக்குச் சேர்றேன்னு என் கையெழுத்துல கடிதமும் இருக்கு, கேட்டா காட்டுவாங்க.”

முதலாளியம்மா அவள் வாயைப் பொத்தப் போனார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் முழங்கையை விட்டார். “இதென்ன கூத்து? புகாரை மாத்தி எழுதணும்மா. உங்க மக பேரு சொல்லுங்க.”

“வேண்டாம். வாபஸ் வாங்கிக்கறேன். இது வீட்டு விஷயம்.”

யோசிக்கவே இல்லை. கேட்ட மூச்சில் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு ஜீப்புக்குப் போனார். மகள் படியில் சுருண்டு உட்கார்ந்தாள். மேடம் தன் சோப்புக் கட்டிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். நல்லபடியாக முடிந்த வழக்கு என்றால் நான் இந்நேரம் பத்து ஜோக் அடித்திருப்பேன்.

வளைவு மேலங்கியைக் கழற்றி மேஜைமேல் மடித்து வைத்தார்.

“ஏதோ பதட்டத்துல பண்ணிட்டேன்” என்றார் முதலாளியம்மா. “மனசுல வச்சுக்காதீங்க. காலையில வழக்கம்போல வந்துடுங்க. பத்துக் குழாய் பாக்கியிருக்கு.”

“பாப்பா பண்ணினது எனக்குப் புரியுதும்மா. அவளைக் காப்பாத்த என்னைக் காட்டினீங்களே, அதுகூடப் புரியுது. பெத்தவங்க. ஆனா காலையில, எடுத்தது யாருன்னே தெரியாதப்போ, முதல்ல ஏன் என் பேரு வந்துச்சு? அது ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு வரேன்.”

முதலாளியம்மா பதிலுக்கு அந்த மேலங்கியை எடுத்து நீட்டினார்.

வளைவு அதை வாங்கி, திரும்ப மேஜைமேலேயே வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.